வீட்டுக் கணினிக்குக் காவல்: வைரஸ் எதிர்ப்பு மென்பொருளைத் தேர்ந்த வரலாறு

கணினி வாங்கியதும் அதற்கு வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் ஒன்றையும் தேர்ந்து நிறுவிக்கொள்ளும் வழக்கம் 1980களின் இறுதியில் அரும்பி, 1990களில் பரவி, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வீடுதோறும் கட்டாயமாகி, இயங்குதளமே காவலையும் உடன்கொண்டுவரத் தொடங்கிய பின்னர் மெல்லத் தளர்ந்த ஒன்றாகும். இதைத் தொழில்நுட்ப முன்னேற்றத்தின் வரலாறாக மட்டும் எழுதிவிட முடியாது. கணினியில் திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் படிக்கவும், ஐயத்துக்குரியதை ஒதுக்கிவைக்கவும், வேண்டுமானால் அழிக்கவும் உரிமை பெற்றாலொழிய இத்தகைய மென்பொருளால் வேலை செய்ய முடியாது என்பதால், அதைத் தேர்ந்தெடுப்பவர் தம் கணினியின் மீது மிகப் பெரிய அதிகாரத்தை முன்பின் அறியாத ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். ஆகவே 'எது அதிக வைரஸ்களைப் பிடிக்கும்' என்ற கேள்விக்கு அடியில் 'யாரை நம்பலாம்' என்ற கேள்வி தொடக்கம் முதலே இருந்துவந்துள்ளது. முதற்கேள்விக்கு விடை காணும் முறைகள் நாளடைவில் செம்மைப்பட்டன; இரண்டாவது கேள்வியோ தலைமுறைதோறும் புதிய வடிவில் எழுந்தது.

தன்னைத் தானே படியெடுத்துக்கொள்ளும் நிரல் என்ற எண்ணம் வீட்டுக் கணினிக்கு மிகவும் முந்தியது. 1971இல் பிபிஎன் நிறுவனத்தைச் சேர்ந்த பாப் தாமஸ், அர்ப்பாநெட் என்னும் அக்கால ஆய்வு வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்லும் கிரீப்பர் என்ற நிரலைச் சோதனைக்காக எழுதினார். அதைத் தேடிச் சென்று நீக்குவதற்கென ரே டாம்லின்சன் ரீப்பர் என்ற மற்றொரு நிரலை உருவாக்கினார். 1982இல் ரிச் ஸ்கிரெண்டா என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர் எழுதிய எல்க் குளோனர், ஆப்பிள் 2 கணினிகளில் நெகிழ்வட்டு வழியே பரவியது. 1983இல் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு மாணவர் பிரெட் கோஹன் இத்தகைய நிரலைச் செயல்விளக்கமாகக் காட்டியபோது, அவருடைய வழிகாட்டியான லியோனார்டு ஆடில்மன் அதற்கு வைரஸ் என்ற பெயரைச் சூட்டினார். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது வைரஸா அல்லவா என்று பிழையின்றிக் கூறவல்ல பொதுவான வழிமுறை இருக்க முடியாது என்பதையும் கோஹன் கணிதமுறைப்படி நிறுவினார். முழுமையான பாதுகாப்பு என்ற விளம்பரச் சொல் கடைத்தெருவுக்கு வரும் முன்பே, அது இயலாதது என்பது ஆய்வுத் தாளில் பதிவாகிவிட்டது.

ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவலாகத் தொற்றிய முதல் வைரஸ் 1986இல் லாகூரிலிருந்து வந்தது. அங்குக் கணினிக் கடை நடத்திய பாசித், அம்ஜத் பரூக் அல்வி என்னும் சகோதரர்கள், தாங்கள் எழுதிய மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்போரைக் கண்டறியவே பிரெய்ன் என்ற அந்நிரலை எழுதியதாகக் கூறினர். கணினி உயிர்பெறும்போது நெகிழ்வட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்கப்படும் சிறு பகுதியான பூட் செக்டரில் அது இடம்பிடித்துக்கொண்டு, அங்கிருந்த அசல் நிரலை வட்டின் வேறோரிடத்துக்கு நகர்த்தி, அவ்விடம் பழுதடைந்தது என்று குறித்துவைத்தது. பூட் செக்டரை எவரேனும் படிக்க முயன்றால் நகர்த்தப்பட்ட அசலை எடுத்துக் காட்டித் தன்னை மறைத்துக்கொண்டது. அந்நிரலுக்குள் சகோதரர்களின் பெயரும் கடை முகவரியும் தொலைபேசி எண்களும், தடுப்புமருந்துக்குத் தங்களை அணுகுமாறு ஒரு குறிப்பும் இருந்தன. நோயைத் தந்தவரே மருந்தையும் தருவார் என்னும் இந்த ஏற்பாடு விந்தையாகத் தோன்றினாலும், காவல் தருபவர் யார் என்ற கேள்வியை வீட்டுக் கணினியின் வரலாறு சந்தித்த முதல் இடம் இதுவே.

அதற்கான விடைகள் 1987, 1988ஆம் ஆண்டுகளில் பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தோன்றின. வியன்னா என்ற வைரஸை நீக்கும் நிரலை ஜெர்மனியில் பெர்ண்ட் ஃபிக்ஸ் எழுதினார். அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் பீட்டர் பாஷ்கோ, மிரோஸ்லாவ் டிர்ன்கா இருவரும் நாட் என்ற மென்பொருளை எழுதி, புகழ்பெற்ற மருத்துவமனைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரைத் தழுவி அதற்குப் பெயரிட்டனர். பிராகில் பாவெல் பவுடிஷ் எழுதிய நிரல் பின்னாளில் அவாஸ்ட் ஆயிற்று. அமெரிக்காவில் ஜான் மெக்காஃபி தம் மென்பொருளைத் தொலைபேசி வழியே எவரும் இறக்கிக்கொள்ளுமாறு வெளியிட்டு, நிறுவனங்களிடம் கட்டணம் பெற்றார். பிரிட்டனில் ஆலன் சாலமனின் தொகுப்பும், 1991இல் சைமன்டெக் நிறுவனத்தின் நார்ட்டன் ஆன்டிவைரஸும் வெளியாயின. இவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே. பிடிபட்ட வைரஸை ஆராய்ந்து, அதற்கு மட்டுமே உரிய ஒரு பைட் வரிசையைப் பிரித்தெடுத்து, கையொப்பம் என்ற பெயரில் பட்டியலில் சேர்ப்பர். மென்பொருள் ஒவ்வொரு கோப்பிலும் அந்த வரிசை உள்ளதா என்று தேடும். பட்டியலில் இல்லாதது கண்ணில் படாது என்பதால், மென்பொருளின் மதிப்பு அதன் அமைப்பைக் காட்டிலும் அதைத் தயாரிப்பவரின் அன்றாட உழைப்பைச் சார்ந்ததாயிற்று.

இம்முறையின் எல்லையை வைரஸ் எழுதுவோரும் விரைவில் கண்டுகொண்டனர். ஒவ்வொரு முறை தொற்றும்போதும் தன் உருவை மாற்றிக்கொள்ளும் வைரஸ்கள் 1990இல் தோன்றின. எந்த வைரஸையும் அவ்வாறு உருமாறச் செய்யும் கருவி ஒன்றை டார்க் அவெஞ்சர் என்ற புனைபெயரில் மறைந்திருந்த பல்கேரியர் 1992இல் பரப்பினார். ஒரே பைட் வரிசையைத் தேடிப் பயனில்லை என்றானபின், நிரல் என்ன செய்ய முயல்கிறது என்பதைக் கொண்டு ஊகித்தறியும் முறையும், அதைக் கட்டுக்காவலுக்குள் இயக்கிப் பார்க்கும் முறையும் வளர்ந்தன. ஊகம் பெருகப் பெருக, குற்றமற்ற கோப்பையும் வைரஸ் என்று கருதிவிடும் பொய் எச்சரிக்கைகளும் பெருகின. பிடிக்கத் தவறுவது, தவறாகப் பிடிப்பது என்ற இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்ற தெளிவு அப்போதுதான் பிறந்தது.

1992ஆம் ஆண்டின் மைக்கலாஞ்சலோ பீதி, விற்பவர் சொல்லை மட்டும் நம்பித் தேர்வதன் ஆபத்தைக் காட்டியது. மார்ச் 6ஆம் நாள் வன்தட்டின் தொடக்கப் பகுதிகளை அழித்துவிடும் அந்த வைரஸ் 50 லட்சம் கணினிகள் வரை பாதிக்கக்கூடும் என்ற கணிப்பு செய்தித்தாள்களில் வெளியாகி, வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள் பெருமளவில் விற்றன. ஆனால் அந்நாளில் உண்மையில் பாதிக்கப்பட்டவை ஆயிரக்கணக்கில் அடங்கின. அச்சத்தை அளந்து சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒருவராகவே இருக்கும்வரை வாங்குபவருக்குத் தெளிவு கிட்டாது என்பதால், தனிநிலைச் சோதனைகளுக்கான தேவை வலுத்தது. 1989இல் பிரிட்டனில் தொடங்கிய வைரஸ் புல்லட்டின் இதழ் மென்பொருள்களை ஒப்பிட்டு எழுதியது. வெளியுலகில் உண்மையில் சுற்றிக்கொண்டிருக்கும் வைரஸ்கள் எவை என்ற வைல்ட்லிஸ்ட் பட்டியலை ஜோ வெல்ஸ் 1993இல் தொகுக்கத் தொடங்கியது, ஆய்வகங்களில் மட்டும் உறங்கிய ஆயிரக்கணக்கான வைரஸ்களை எண்ணிக் காட்டிப் பெருமை பேசும் விளம்பரங்களுக்கு மாற்றாக அமைந்தது. 1998 முதல் வைரஸ் புல்லட்டின் வழங்கிய சான்றிதழைப் பெற, அப்பட்டியலில் உள்ளவை அனைத்தையும் பிடிப்பதோடு ஒரு பொய் எச்சரிக்கையும் எழுப்பாதிருக்க வேண்டும். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக் நகரிலுள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகியவை பின்னாளில் கணினியின் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதையும் அளவிட்டன. வீட்டில் இருப்பவரும் சோதித்துப் பார்ப்பதற்கென, ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பின் பெயரால் ஒரு கோப்பு உருவாயிற்று: 68 எழுத்துகளைத் தட்டச்சு செய்து சேமித்தாலே போதும்; அதில் தீங்கு ஏதுமில்லை என்றாலும், விழித்திருக்கும் எந்தக் காவல் மென்பொருளும் அதை வைரஸாகவே கருதித் தடுக்கும்.

இந்தியாவும் இவ்வரலாற்றில் தொடக்கத்திலேயே இடம்பெறுகிறது. 1990இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட ஜோஷி என்ற வைரஸ், சனவரி 5ஆம் நாள் கணினியை நிறுத்திவைத்து, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்தைத் தட்டச்சு செய்யுமாறு கேட்கும். வாழ்த்தினால்தான் வேலை தொடரும். சென்னையில் ஜே. கேசவர்த்தனன் 1991இல் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங் நிறுவனத்தின் காவல் நிரல், சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனத்தின் வழியே ஜப்பானில் வேறு பெயரில் விற்பனையாகி, ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கேட்காத திட்டத்தால் அந்நாட்டு வீடுகளில் இடம்பிடித்தது. புனேயில் கணக்குப்பொறிகளைப் பழுதுபார்த்துவந்த கைலாஷ் காட்கரும் கணினி பயின்ற அவருடைய தம்பி சஞ்சயும் 1990களின் நடுப்பகுதியில் உருவாக்கிய குயிக் ஹீல், பழுதுபார்க்க வந்த கணினிகளில் கண்ட வைரஸ்களை நீக்கும் தேவையிலிருந்தே பிறந்தது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், உரியவரின் அனுமதியின்றி ஒரு கணினியில் வைரஸைப் புகுத்துவதை 43ஆம் பிரிவில் இழப்பீட்டுக்குரிய செயலாக வரையறுத்தது. இணைய இணைப்பு அரிதாக இருந்த வீடுகளில் தொற்றுக்கு வழி பென் டிரைவ்தான். அதைச் செருகியதும் அதிலுள்ள நிரலைத் தானாக இயக்கும் விண்டோஸ் வசதியைப் பயன்படுத்தி, கோப்புறையின் படத்தைத் தாங்கிய நிரல்கள் பிரவுசிங் சென்டரிலிருந்தும் ஜெராக்ஸ் கடையிலிருந்தும் வீட்டுக்கு வந்தன. மைக்ரோசாஃப்ட் அவ்வசதியைப் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் 2011இல் முடக்கியதும் இவ்வகைத் தொற்று வெகுவாகக் குறைந்தது. எத்தனையோ கையொப்பங்கள் செய்யாததை இயங்குதளத்தில் செய்த ஒரு சிறு திருத்தம் செய்தது என்பது கருதத்தக்கது.

இணைய வசதி பெற்ற நாடுகளில் மாற்றம் வேறு வகையில் நிகழ்ந்தது. 1999 மார்ச்சில் மெலிசா, பாதிக்கப்பட்டவரின் முகவரி ஏட்டிலிருந்த முதல் 50 பேருக்குத் தன்னையே மின்னஞ்சலில் அனுப்பியது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ஐ லவ் யூ, காதல் கடிதம் என்ற பெயரோடு ஒரே நாளில் உலகைச் சுற்றியது. அந்நாட்டில் அதற்கான தண்டனைச் சட்டம் அப்போது இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. மாதமொரு முறை அஞ்சலில் வரும் வட்டைக் கொண்டு பட்டியலைப் புதுப்பிக்கும் முறை இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மறைந்து, இணையம் வழியே நாள்தோறும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் முறையும், அதையொட்டிய ஆண்டுச் சந்தாவும் நிலைபெற்றன. ஒருமுறை வாங்கும் பொருள் என்ற நிலையிலிருந்து நெடுநாள் உறவு என்ற நிலைக்கு இத்தேர்வு மாறியது இக்காலத்தில்தான்.

உளவு மென்பொருள் வந்தபோது இவ்வரலாற்றின் மிகக் கடினமான கேள்வி எழுந்தது. பயனர் எந்தத் தளங்களைப் பார்க்கிறார், எதைத் தேடுகிறார் என்பவற்றை அவர் அறியாமல் திரட்டி வேறொருவருக்கு அனுப்பும் நிரலே உளவு மென்பொருள் எனப்படும். திரட்டியதைக் கொண்டு திரையில் விளம்பரங்களை நிரப்புவது விளம்பர மென்பொருள். 2000ஆம் ஆண்டில் ஸ்டீவ் கிப்சன் தம் கணினியில் ஆரியேட் என்ற விளம்பர நிரலைக் கண்டறிந்து, அத்தகையவற்றை நீக்க ஆப்ட்-அவுட் என்ற சிறு கருவியை வெளியிட்டார். லாவாசாஃப்டின் ஆட்-அவேர், ஜெர்மானியரான பாட்ரிக் கோலாவின் ஸ்பைபாட் ஆகியவை இலவசமாகவே கிடைத்துப் பல்லாயிரம் வீடுகளுக்குச் சென்றன. பெரிய வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்களோ தொடக்கத்தில் தயங்கி நின்றன. வைரஸை எழுதியவர் முகம் காட்டுவதில்லை. விளம்பர மென்பொருளை வெளியிட்டவையோ அலுவலகமும் வழக்கறிஞர்களும் கொண்ட பதிவுபெற்ற நிறுவனங்கள். பாட்டைப் பகிரும் நிரலையோ படம் பார்க்கும் நிரலையோ இலவசமாக இறக்கும்போது திரையில் தோன்றும் நீண்ட ஒப்பந்தத்தின் நடுவே தங்கள் நிரலைப் பற்றிய வரியும் உண்டு என்றும், பயனர் சம்மதப் பொத்தானை அழுத்தியே அதை ஏற்றார் என்றும் அவை வாதிட்டன. படிக்கப்படாது என்று தெரிந்தே எழுதப்படும் ஒப்பந்தத்துக்குத் தரப்படும் சம்மதம் சம்மதமாகுமா என்பது பைட் வரிசைகளைத் தேடித் தீர்க்கக்கூடிய கேள்வி அன்று. அதற்கு அறநோக்கும் சட்டநோக்கும் தேவைப்பட்டன.

இப்போராட்டத்தின் வடிவத்தை கேட்டர் நிறுவனத்தின் கதையில் காணலாம். கடவுச்சொற்களை நினைவில் வைத்துப் படிவங்களை நிரப்பித் தரும் பயனுள்ள நிரலாகவே அது வீடுகளுக்குள் நுழைந்தது; பயனர் ஒரு வணிகத் தளத்தைப் பார்க்கும்போது அதன் போட்டியாளரின் விளம்பரத்தை மேலே விரித்துக் காட்டுவது அதன் வருவாய்வழி. தன்னை உளவு மென்பொருள் என்று எழுதிய பீசி பிட்ஸ்டாப் என்ற இணையத்தளத்தின் மீது அது 2003இல் அவதூறு வழக்குத் தொடுக்க, சமரசத்தின் விளைவாக அப்பக்கங்கள் அகற்றப்பட்டன. அதே ஆண்டு கிளாரியா என்று பெயரை மாற்றிக்கொண்டு, 2006இல் அத்தொழிலைக் கைவிடுவதாக அறிவித்தது. தன் நிரலைத் தடுத்ததற்காக காஸ்பர்ஸ்கி என்ற காவல் மென்பொருள் நிறுவனத்தின் மீது ஸாங்கோ என்ற விளம்பர மென்பொருள் நிறுவனம் தொடுத்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் வேறொரு பாதையைத் திறந்தது: ஆட்சேபத்துக்குரியது என்று ஒரு பாதுகாப்பு நிறுவனம் கருதும் நிரலை வடிகட்ட அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று அத்தீர்ப்பு கூறியது. பயனருக்கு இது பெரும் நன்மை. அதே சமயம், எது தீயது என்று வரையறுக்கும் அதிகாரம் காவல் நிறுவனங்களின் கைக்கே சென்றது என்பதும் உண்மை.

நம்பிக்கையைக் குலைத்த நிகழ்வுகள் வேறு திசைகளிலிருந்தும் வந்தன. சோனி பிஎம்ஜி வெளியிட்ட இசைத்தட்டுகள், படியெடுப்பதைத் தடுக்கும் நிரலைக் கணினியில் ஒளித்துவைத்ததை மார்க் ருசினோவிச் என்ற மென்பொருள் வல்லுநர் 2005 அக்டோபரில் வெளிப்படுத்தினார். குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பையும் இயங்குதளத்தின் கண்ணிலிருந்தே மறைத்த அந்நிரலை முன்னணிக் காவல் மென்பொருள்கள் ஏன் முன்பே அறிவிக்கவில்லை என்ற கண்டனம் பரவலாக எழுந்தது. மற்றொருபுறம், காவல் வேடமிட்டே வந்த மோசடி மென்பொருள்கள் பெருகின. வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் போன்றவை இல்லாத வைரஸ்களைச் சிவப்பு எழுத்தில் பட்டியலிட்டு, நீக்கப் பணம் கேட்டன. இவற்றின் பின்னால் இருந்தோர் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2008இல் வழக்குத் தொடுத்தபோது, ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று குறிப்பிட்டது. பாதுகாப்பைத் தேடும் ஆவலே தாக்குதலுக்கு வாயிலாயிற்று.

1993இல் எம்எஸ்-டாஸ் 6உடன் வெளிநிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்ற ஒரு வைரஸ் எதிர்ப்பு நிரலைச் சேர்த்துப் பார்த்துக் கைவிட்டிருந்த மைக்ரோசாஃப்ட், உளவு மென்பொருளின் பெருக்கத்தால் மீண்டும் களத்துக்கு வந்தது. 2004 டிசம்பரில் ஜயன்ட் என்ற நிறுவனத்தை வாங்கி, அதன் நிரலை விண்டோஸ் டிஃபெண்டர் என்ற பெயரில் 2006இல் இலவசமாக வெளியிட்டு, அடுத்த ஆண்டு விண்டோஸ் விஸ்டாவுடன் இணைத்தது. அதே காலத்தில் கொண்டுவந்த ஒன்கேர் என்ற கட்டணச் சேவையைக் கைவிட்டு, 2009இல் இலவச வைரஸ் எதிர்ப்பு மென்பொருளை அளித்தது. 2012இன் விண்டோஸ் 8இல் வைரஸ் எதிர்ப்பும் உளவு எதிர்ப்பும் டிஃபெண்டர் என்ற ஒரே பெயரின் கீழ் இயங்குதளத்தின் உறுப்பாயின. முதலில் தனிநிலைச் சோதனைகளில் பின்தங்கிய டிஃபெண்டர், 2010களின் இறுதியில் முழு மதிப்பெண் பெறும் நிலைக்கு உயர்ந்தது. விண்டோஸ் 8 வரும்வரை ஒரு வீட்டுக்கு வைரஸ் எதிர்ப்பு ஒன்றும் உளவு எதிர்ப்பு ஒன்றும் தனித்தனியே தேவைப்பட்டன. கோப்பு திறக்கப்படும் அதே கணத்தில் குறுக்கிட முயலும் இரண்டு வைரஸ் எதிர்ப்பு நிரல்கள் ஒன்றையொன்று தடுத்துக் கணினியையே முடக்கிவிடும் என்பதால், முழுநேரக் காவலுக்கு ஒன்று, அவ்வப்போது ஆய்வு செய்ய மற்றொன்று என்ற நடைமுறை உருவாகியிருந்தது. இரண்டும் டிஃபெண்டரில் இணைந்தது அந்நடைமுறையின் தேவையைக் குறைத்தது.

காவலரின் கைப்பிழையும் காவலரின் பேராசையும் தாக்குதலுக்கு இணையான கேடு விளைக்கும் என்பதை அடுத்த ஆண்டுகள் உணர்த்தின. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றை வைரஸ் என்று தவறாக முடிவுசெய்து ஒதுக்கிவிட, எண்ணற்ற கணினிகள் மீண்டும் மீண்டும் தாமாக அணைந்து எழுந்தன. அவாஸ்ட் தன் பயனர்களின் உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியே விற்றுவந்தது 2020 சனவரியில் வெளியானதும் அத்துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்க வணிக ஆணையத்துடனான தீர்வின்படி அவாஸ்ட் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டியதாயிற்று. உளவைத் தடுக்க நிறுவிய மென்பொருளே உளவுக்கு வழியானது இத்துறையின் வரலாற்றில் ஆழமான காயம். அதே 2024இல், ரஷ்ய அரசின் செல்வாக்குக்கு உட்படக்கூடும் என்ற காரணத்தைக் காட்டி, காஸ்பர்ஸ்கி மென்பொருளின் விற்பனையை அமெரிக்க அரசு தன் நாட்டில் தடைசெய்தது. நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா என்று வெவ்வேறாகத் தோன்றும் பெயர்கள் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்துக்கு உரியவை என்பதும், கடையில் காணும் பன்மை எவ்வளவு மெய்யானது என்று எண்ண வைக்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து தேர்வுக்கான அளவுகோல்கள் சில தெளிவாகவே கிடைக்கின்றன. பிடிக்கும் திறனை விற்பவரின் சொல்லால் அளக்காமல், பொய் எச்சரிக்கைகளையும் சேர்த்துக் கணக்கிடும் தனிநிலைச் சோதனைகளால், அதுவும் பல மாதங்களின் முடிவுகளை ஒருங்கே வைத்து அளக்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பதன் செலவு எங்கிருந்து வருகிறது என்பதையும், உடன் வரும் ஒப்பந்தம் எந்த விவரங்களைத் திரட்ட உரிமை கோருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். திரையில் தானாகத் தோன்றி அச்சுறுத்தும் எதையும் நிறுவலாகாது. முழுநேரக் காவலுக்கு ஒரு மென்பொருள் போதும். இயங்குதளத்தை உடனுக்குடன் புதுப்பிப்பதும், முக்கியக் கோப்புகளின் படியைக் கணினிக்கு வெளியே வைப்பதும் எந்தக் காவலரைத் தேர்ந்தாலும் தவிர்க்க முடியாதவை. எல்லா வைரஸையும் பிழையின்றிப் பிடிக்கும் மென்பொருள் இருக்க முடியாது என்று கோஹன் நிறுவியதால், இறுதிப் பொறுப்பு பயனரிடமே தங்குகிறது. நிறுவனங்களின் கைமாற்றங்களும் அரசுகளின் தடைகளும் தொடர்ந்து நிகழும் இத்துறையில், ஒருமுறை வைத்த நம்பிக்கையை நிலையானதாகக் கொள்ளாமல், சந்தாவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் மறுபடியும் ஆராய்ந்து வழங்குவதே வீட்டுக் கணினி வைத்திருப்போருக்கு இந்த நாற்பது ஆண்டுகள் கற்பித்துள்ள நெறி.